செயின்ட் மாலோவில் இரண்டு இரவுகள்

அந்த விடுதி அறையிலிருந்து கடல் தெரிந்ததா என்று எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. முன்பதிவு செய்தபோது தெரியும் என்று எழுதியிருந்தார்கள். நீதிமன்றத்தில் கேட்டபோது நானும் தெரிந்தது என்றுதான் சொன்னேன். கண்ணை மூடிப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிற மதில் ஒன்றும், அதன் மேல் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு கடற்பறவையும்தான் வருகின்றன. இப்படிச் சில விஷயங்கள் நழுவிப் போய்விட்டன. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என் பெயர் தெல்மா பியூ. இங்கிலாந்தின் தெற்குக் கரையில், போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் ஒரு பயண அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வார இறுதிச் சுற்றுலாக்கள் என் பொறுப்பு. இரண்டு இரவு, மூன்று பகல், ஏதாவது ஓர் ஊர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேலாளர் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார்: திரும்பி வரும் நேரத்தை முதலில் எழுது, அங்கிருந்து பின்னோக்கி வா. போகும் நேரத்திலிருந்து திட்டம் போட்டவர்கள்தான் கடைசி நாளில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். என்னிடம் வந்த ஒருவர்கூட வண்டியைத் தவற விட்டதில்லை.

என் கணவர் இட்வால் கப்பல் பட்டறையில் குழாய்ப் பணியாளராக இருந்தார். வட வேல்ஸில், மலையை வெட்டிக் கூரை ஓடு எடுக்கும் பெத்தெஸ்டா என்ற ஊர் அவருடையது. பள்ளிக்கூடம் போகும்வரை அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வீட்டில், கடையில், தேவாலயத்தில் எல்லாம் வேல்ஸ் மொழிதான். இருபத்தைந்து வயதில் இங்கே வேலைக்கு வந்தார், என்னைக் கல்யாணம் செய்துகொண்டார். நாற்பத்து நான்கு வருடம் என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை.

எழுபதாவது வயதில் மறதி தொடங்கியது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு நான். இரண்டு வருடத்தில் ஆங்கிலம் அவரிடமிருந்து முழுக்கப் போய்விட்டது. கடைசியாக வந்த மொழி முதலில் போகும் என்று மருத்துவர் சொன்னார், கொக்கியில் கடைசியாக மாட்டிய கோட்டை முதலில் எடுப்போம் என்று சொல்வது போல. காலையிலிருந்து இரவுவரை அவர் அந்த மொழியில் என்னிடம் எதையோ கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கு அது புரியாது. புரியவில்லை என்று நான் சொல்வது அவருக்குப் புரியாது. அப்புறம் கோபம் வரும். இரண்டு முறை என் மணிக்கட்டு பிசகியது. ஒன்றரை வருடம் நான் ஒரேயடியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. தூங்காமல் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு கட்டத்தில் ஆசைகள் எல்லாம் உதிர்ந்து ஒரே ஒரு ஆசை மிஞ்சும்.

உதவி கேட்டிருக்கலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். கேட்கத்தான் நகராட்சி ஆட்களை வரவழைத்தேன். அங்கே முதியோர் நலப் பிரிவிலிருந்து கிம்பர்லி என்ற பெண் எங்கள் நிலைமையைப் பார்க்க மூன்று முறை வந்தாள். சின்னப் பெண், நல்ல பெண். அவள் வருகிற நாளில் விடியுமுன் எழுந்து தரையைத் துடைப்பேன். இட்வாலுக்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிவிடுவேன். நல்ல கோப்பைகளை எடுத்து வைப்பேன். எலுமிச்சை கேக் சுடுவேன். வீட்டுக்கு யாராவது வந்தால் வேறு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியாது. என் அம்மாவும் அப்படித்தான், வீட்டைச் சுத்தம் செய்யும் ஆள் வருவதற்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்வாள்.

"எப்படி இருக்கீங்க தெல்மா? உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்பாள் கிம்பர்லி.

"குறை ஒண்ணும் இல்லம்மா. ஏதோ ஓடுது."

"ராத்திரி தூங்குறாரா?"

"அப்பப்ப எழுந்துக்குவார். அது இந்த வயசுல இருக்கிறதுதானே."

என் சட்டைக் கைக்குள் மணிக்கட்டில் கட்டு இருந்தது. கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். இட்வால் அவளுக்கு எழுந்து நின்று கை கொடுப்பார். விருந்தாளி வந்தால் அவரும் என்னைப் போலத்தான். அவள் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, "உங்கள மாதிரி எல்லாரும் சமாளிச்சா எங்க வேலை எவ்வளவு சுலபமா இருக்கும்!" என்று சொல்லிவிட்டுப் போவாள். பின்னால் கடிதம் வரும். தற்போதைக்குக் கூடுதல் உதவி தேவைப்படவில்லை என்று. மூன்று கடிதங்கள். மூன்றாவது வந்த அன்று சமையலறையில் நின்றுகொண்டு அதை நான்கைந்து முறை படித்தேன். மாடியிலிருந்து இட்வால் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். அதன் அடியில், ஞாயிறு காலை 10.30, கப்பல், என்று எழுதினேன்.

அங்கிருந்து பின்னோக்கி வந்தேன்.

செயின்ட் மாலோவைத் தேர்ந்தெடுக்க ஒரு மாலை முழுவதும் யோசித்தேன். பிரான்சின் வடக்குக் கரை. எங்கள் துறைமுகத்திலிருந்து நேரே கப்பல் போகிறது, இரவில் ஏறினால் காலையில் அங்கே. விமான நிலையம் வேண்டாம், அங்கே கேள்விகள் அதிகம். தெற்கே நைஸ் என்ற ஊர் அழகானது, ஆனால் தூரம். டியெப் என்ற துறைமுக ஊரில் ஞாயிற்றுக்கிழமை தெருக்கள் வெறிச்சென்று கிடக்கும், ஒரு மனிதரை அங்கே விட எனக்கு மனம் வரவில்லை. செயின்ட் மாலோவில் மதிலுக்குள்ளே ஊர். நடக்கிற தூரம்தான் எல்லாம். நடுவில் பெரிய தேவாலயம். ஞாயிறு காலை அது நிறைந்துவிடும். பூசைக்கு வருகிறவர்கள் பொதுவாக இரக்கமுள்ளவர்கள். அங்கிருந்து கப்பல் துறைக்கு இருபது நிமிட நடை.

அந்தத் தாளைப் பின்னால் போலீஸார் என் மேசையில் கண்டெடுத்தார்கள். வெள்ளி, சனி, ஒவ்வொரு வேளைக்கும் நேராக இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறது. ஞாயிறு காலை உணவு, இரண்டு பேர். அதற்குக் கீழே, கப்பலில் காபி, ஒருவர். அதை ஏன் எழுதினேன் என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். திட்டத்தில் பாதியை எழுதிப் பாதியை விடும் பழக்கம் எனக்கு இல்லை என்று சொன்னேன். பார்வையாளர் வரிசையில் ஒரு பெண் எழுந்து வெளியே போனாள்.

பக்கத்து வீட்டு மேவிஸிடம் மட்டும் போவதைச் சொல்ல வேண்டியிருந்தது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

"பிரான்சுக்கா? இட்வாலைக் கூட்டிக்கிட்டா?" வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "உனக்கு மூளை குழம்பிப் போச்சா? டவுனுக்குக் கூட்டிட்டுப் போனாலே பஸ்ஸை விட்டு இறங்க மாட்டாரே மனுஷன்."

"ரெண்டு நாள்தான். கடல் காத்து அவருக்கு நல்லது."

"கடல் காத்து இங்க இல்லையாக்கும். தெருக்கோடில என்ன ஓடுது, சாக்கடையா?" அவள் சிரித்தாள். "போங்க போங்க. ரெண்டு பேரும் போய் நத்தையைத் தின்னுட்டு வாங்க. எனக்கு அந்த வெண்ணெய் பிஸ்கட் ஒரு டப்பா. மறந்துடாதடி."

அதையும் தாளில் எழுதினேன்.

அந்த வாரம் முழுக்க மாலை நேரங்களில் இட்வாலின் துணிகளிலிருந்து பெயர்ப் பட்டைகளைப் பிரித்தேன். பகல் காப்பகத்தில் கேட்டார்கள் என்று நானே தைத்தவை. பெயர், வீட்டு எண், தொலைபேசி. சட்டைக் காலர், கோட்டு உள்பக்கம், காலுறை விளிம்பு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் இழுக்கும் நூலை ஒவ்வொன்றாக விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. பல மாதங்களில் எங்களுக்கு வாய்த்த அமைதியான மாலைகள் அவைதான்.

பயணம் நன்றாக அமைந்தது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கப்பலில் அவர் தூங்கினார், நான் விழித்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை ஊர் மதில்களைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தார். அக்டோபர் மாதம், வெயில் மெல்லியதாக இருந்தது. மதில் மேல் ஒரு சுற்று வந்தோம். கூரைகளைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். அவர் ஊரில் வெட்டியெடுப்பது போன்ற கருநீலக் கல் ஓடுகள். சிப்பி சாப்பிட்டார், சட்டையெல்லாம் தண்ணீராக்கிக்கொண்டு. கத்தவில்லை. என்னைத் தள்ளவில்லை. வெள்ளி இரவு நான் ஐந்து மணி நேரம் தூங்கினேன்.

சனிக்கிழமை நடந்ததை நான் நீதிமன்றத்தில் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மதியம் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்திருந்தோம், மாவை வட்டமாக, மெல்லிதாக ஊற்றிச் சுட்டுத் தருவார்களே, அந்தக் கடை. அவருடையதை நான் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் கையின் மேல் தன் கையை வைத்தார். நிமிர்ந்து பார்த்தேன். பழைய முகம். பட்டறையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போது இருக்குமே, அந்த முகம்.

"தெல்" என்றார். ஆங்கிலத்தில் சொன்னார். "ரொம்ப இளைச்சுட்ட தெல். நீ கொஞ்சம் ஓய்வெடுத்துக்கணும்."

ஒன்றரை வருடமாக அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நான் கத்தியைக் கீழே வைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். கடைக்காரர் அடுத்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த முகம் போய்விட்டது. இட்வால் தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டு தன் மொழியில் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று மாலை திட்டத்தை மாற்றியிருக்க முடியும். திரும்பும் சீட்டு அவருக்கும் எடுத்திருந்தேன், ஒரு வழிச் சீட்டு கண்ணில் படும் என்பதால். ஆனால் ஓய்வெடுத்துக்கொள் என்று அவர்தான் சொன்னார். நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஞாயிறு காலை அவரைக் குளிப்பாட்டினேன். புதிய உள்ளாடை, கம்பளிச் சட்டை, கனமான கோட்டு. குளிரில் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. கடவுச்சீட்டு என் பையில் இருந்தது. மோதிரம் மட்டும் பாக்கி. அதன் உள்வளையத்தில் எங்கள் இரண்டு பேரின் பெயரும் தேதியும் வெட்டியிருந்தது.

"கையைக் குடு, இட்வால்."

கொடுத்தார். சோப்பு தடவித் திருகினேன். மூட்டு வீங்கியிருந்ததால் நேரமாயிற்று, வலித்திருக்கும். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மோதிரம் வந்ததும் ஏதோ நல்ல காரியம் முடிந்தது போல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒன்பது மணிக்குத் தேவாலயத்தில் இருந்தோம். இடதுபக்கம், பின்னாலிருந்து நான்காவது பெஞ்ச். தேவாலயம் என்றால் அவர் அமைதியாகிவிடுவார், சிறு வயதுப் பழக்கம். தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாரோ ஆர்கனில் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்தபோது என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு, பைட் ஆ மிந்த், என்றார். இரண்டு முறை சொன்னார். வீட்டிலும் நான் அறையை விட்டு வெளியே போகும்போதெல்லாம் அதையேதான் சொல்வார். அவருடைய விரல்களைப் பிரித்துத் தொப்பியின் மேல் வைத்தேன்.

கப்பலில் காபி குடித்தேன். மேவிஸுக்கு பிஸ்கட் வாங்கினேன். கடல் அமைதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பதினாறு மணி நேரம் தூங்கினேன். மேவிஸ் கேட்டபோது, அவர் வேல்ஸில் தன் அக்கா வீட்டில் இருக்கிறார், அங்கே அவருக்குப் பழகிய பேச்சு, என்று சொன்னேன். "அப்பாடா, நல்ல காரியம் பண்ணின. நீ செத்துப் போயிருப்ப" என்று அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். பத்தொன்பது நாள் அப்படிப் போயிற்று. திரைச்சீலைகளைத் துவைத்தேன். ஒருநாள் சினிமாவுக்குக்கூடப் போனேன்.

அங்கே நடந்ததைப் பின்னால் வாக்குமூலங்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். பூசை முடிந்தும் எழாமல் உட்கார்ந்திருந்தவரைப் பாதிரியார் மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார். சட்டைப்பையில் ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் பேசிப் பார்த்திருக்கிறார்கள், ஜெர்மனில், டச்சில். பதில் வருகிறது, ஆனால் யாருக்கும் பிடிபடவில்லை. மறதி நோயாளியின் உளறல் என்று குறிப்பு எழுதிவிட்டார்கள். செய்தித்தாளில் போட்ட படம் பிரான்சைத் தாண்டவில்லை. அவரை என்ன செய்வது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அந்த வார்டில் தரை துடைக்கும் பெண்மணி சொவாசிக் லெ குவென். செயின்ட் மாலோ இருக்கும் பிரித்தானி என்ற பிரெஞ்சு மாகாணத்தின் மேற்குக் கோடியில் பிறந்தவர். அந்தப் பக்கத்துக் கிழவர்களுக்கு இன்னும் ப்ரெத்தோன் என்ற பழைய மொழி உண்டு. அது வேல்ஸ் மொழிக்கு உடன்பிறந்தது என்று நான் எங்கும் படித்ததில்லை. கடலின் இரண்டு பக்கமும் ஒரே குடும்பம் பிரிந்து கிடக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பயணப் புத்தகங்களில் அது இருக்கும் போல. அந்தப் பக்கங்களை நான் வாடிக்கையாளர்களுக்குப் படித்துக் காட்டியதில்லை.

சொவாசிக் செவிலியரிடம் சொன்னது வாக்குமூலத்தில் இருக்கிறது.

"இந்த ஐயா உளறலைங்க. பாரா கேக்குறார். எங்க வீட்டுலயும் ரொட்டிக்கு அதான் பேரு. டூர்னா தண்ணி. மூணு வாரமா மனுஷன் ரொட்டியும் தண்ணியும் கேட்டுட்டு இருக்கார், நீங்க ஊசி போட்டுட்டு இருக்கீங்க."

"உங்க ஊர்க்காரரா?"

"எங்க மொழி இல்ல. பங்காளி வீட்டு மொழி. கடலுக்கு அந்தாண்ட வேல்ஸ்னு ஒரு தேசம் இருக்கே, அங்க கேட்டுப் பாருங்க."

வேல்ஸிலிருந்து ஓர் ஆசிரியரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். இட்வால் அவரிடம் ஒன்றே கால் மணி நேரம் பேசினாராம். அம்மா பெயர், தெருப் பெயர், கல் வெட்டும் சுரங்கத்தில் அப்பாவுக்குக் கால் நசுங்கியது, அக்கா எலுனெட் தனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பூட்ஸ் மாட்டிவிடுவது. எண்பத்தொரு வயது எலுனெட் அதே தெருவில் இருந்தார். மறுநாள் போலீஸார் என் கதவைத் தட்டினார்கள். அவர்களுக்குத் தேநீர் போட்டேன்.

வழக்கில் ஒரே ஒரு இடத்தில் நான் பொய் சொன்னேன். அவர் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னதை நானே விசாரணையில் சொல்லியிருந்தேன், அதன் பொருள் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது, வேல்ஸ் மொழியில் எனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது, என்றேன். கல்யாணமான புதிதில் வருடத்துக்கு ஒருமுறை பெத்தெஸ்டாவுக்குப் போவோம். கிளம்பும்போது அவருடைய அம்மா வாசலில் நின்று அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொல்வார். போகாதே என்று அர்த்தம் என ரயிலில் வரும்போது இட்வால் எனக்குச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியும். வீட்டிலும் தெரியும், தேவாலயத்திலும் தெரியும்.

தீர்ப்பு நாளில் எலுனெட் நடைவழியில் என்னிடம் வந்தார். குள்ளமான பெண்மணி, கைத்தடி. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எங்கிட்ட ஏன் குடுக்கல?" என்றார். "நாலு தடவ போன்ல கேட்டேனே தெல்மா. அவன இங்க அனுப்பு, நாங்க இவ்வளவு பேர் இருக்கோம், அவன் பேசுறது எங்களுக்குப் புரியும்னு கேட்டேனே."

கேட்டார். நான்கு முறை. நான்காவது முறைக்குப் பிறகு அவருடைய அழைப்புகளை எடுப்பதை நிறுத்திவிட்டேன். அன்று நடைவழியில் கிடந்த நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டேன், அவர் உட்காரவில்லை. பிறகு அவரை யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள்.

சிறையில் யோசிக்க நேரம் இருந்தது, அதனால் இப்போது சொல்ல முடியும். எலுனெட்டிடம் இட்வாலை அனுப்புவதென்றால் தொலைபேசியை எடுத்து, என்னால் முடியவில்லை எலுனெட், என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தைச் சமையலறையில் தனியாக நின்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாய் வரவில்லை. செயின்ட் மாலோவுக்கு யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கணவரை, பேசத் தெரியாத ஊரில், பெயரில்லாமல், ஒரு பெஞ்சில் விட்டுவிட்டு வந்தது அதற்காகத்தான். தூக்கம் இரண்டாவது காரணம்.

இட்வாலை அந்த நவம்பரிலேயே பெத்தெஸ்டாவுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று வருடம் ஒரு காப்பகத்தில் இருந்தார். அங்கே எல்லாரும் அவர் மொழி பேசுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாடுவாராம். சென்ற மார்ச்சில் இறந்தார். எலுனெட் உயிரோடு இருக்கிறார், என் கடிதங்களுக்குப் பதில் போடுவதில்லை. கிம்பர்லி நகராட்சி வேலையை விட்டுவிட்டாள். மேவிஸ் வேலியை உயர்த்திவிட்டாள். சொவாசிக் அதே மருத்துவமனையில் அதே தளத்தைத் துடைக்கிறார். எனக்கு இரண்டு வருடம் கொடுத்து, ஒன்றில் விட்டார்கள். இரவு எட்டு மணி நேரம் தூங்குகிறேன்.

எல்லாரும் சொவாசிக்கைப் புகழ்கிறார்கள், புகழட்டும். கடலோரத்தில் எத்தனையோ ஊர்கள் இருக்க, இட்வாலின் பேச்சு புரியக்கூடிய அந்த ஓர் ஊரை அவருக்காகத் தேர்ந்தெடுத்தது யார் என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.